ஊரில் கணித தினம் கொண்டாடினால் கூட்டம் வருமா?

டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்தநாளை ஊர்க்காரர்களோடு கொண்டாடினால் யாராவது வருவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். வருவார்கள். மேடை மட்டும் போடாதீர்கள். நீங்களும் என்னைப் போல வீட்டில் டியூஷன் எடுப்பவராக, கையில் பெரிய பணம் இல்லாதவராக இருப்பீர்கள் என்று நினைத்துச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மேலூர் பக்கம். முதல் வருஷம் சாமியானா, மைக் செட், பொன்னாடை என்று ஒன்பதாயிரம் செலவழித்தேன். 10 மணிக்கு வரவேண்டிய சிறப்பு விருந்தினர் 12 மணிக்கு வந்தார். ராமானுஜன் 1887-ல் ஈரோட்டில் பிறந்தார் என்று ஒரு வரி; மீதிப் பேச்செல்லாம் விருந்தினர் தான் வாங்கிய விருதுகளைப் பற்றியே. 1729-ஐ இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதலாம் என்று விளக்க ஏழாவது படிக்கும் பிள்ளை ஒருத்தி ஒரு வாரமாகத் தயாராகி வந்திருந்தாள். நேரமில்லை என்று அவளை ஏற்றவே இல்லை. என் தப்புதான் அது.

அடுத்த வருஷம் அப்பத்தா வழி சொன்னது. "மார்கழி மாசந்தானே, எல்லாரும் வாசல்லதான் இருப்பாக. அங்கயே நடத்து." சரி என்று, செவ்வகமாகப் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிவரும் சிக்குக் கோலம் போடச் சொன்னோம். பிள்ளைகள் எத்தனை கம்பி, அதாவது அறுபடாமல் சுற்றி வந்து மூடும் கோடு, என்று எண்ணி எழுதினார்கள். 3-க்கு 4 புள்ளி வைத்தால் ஒரே கம்பியில் முடிந்தது. 4-க்கு 6 என்றால் இரண்டு. 3-க்கு 6 என்றால் மூன்று. ஏழெட்டு வாசல் தாண்டியதும் ஒரு பையன், "அக்கா, இது மீப்பெரு பொதுக் காரணி!" என்று கத்தினான். அதேதான்: இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை கம்பி. அப்புறம் 5-க்கு 7 புள்ளி வைத்த பெரியம்மாவிடம், மாவைத் தொடுமுன்னே "ஒரே கம்பி" என்று சொல்லிவிட்டான். தெருவே கூடிப் பார்த்தது. அந்த ஏழாவது பிள்ளை, இப்போது எட்டாவது, 1-12, 9-10 என்ற இரண்டு ஜோடிகளின் கனங்களைக் கூட்டினாலும் 1729 வரும் என்று தரையிலேயே எழுதி விளக்கினாள்.

கோலம் போடுகிறவர்கள் எல்லாம் கணித மேதைகள் என்று நான் சொல்லவில்லை. பெண்களைக் கோலத்தோடு கட்டிப்போடுகிறேன் என்றும் யாரும் வர வேண்டாம். மாவு எடுத்ததில் பாதி பையன்கள்.

சாயங்காலம் வைக்காதீர்கள். எங்கள் ஊருக்கு இருந்த ஆறு மணி பஸ்ஸை நிறுத்தி மூன்று வருஷமாகிறது. பக்கத்து ஊர் பெண்பிள்ளைகள் டியூஷனையே விட்டுவிட்டார்கள். எத்தனை மனு கொடுத்தோம்! காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுங்கள், வெயில் ஏறினால் மாவுக் கோடு தெரியாது.