65 விழுக்காடு என்று எழுதிவிட்டார்கள். இனி யாரிடம் போவது?

கேள்வி: என் தம்பிக்கு வயது 41. விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்தன, பேச்சும் போய்விட்டது. முகாமில் எலும்பு மருத்துவர் பார்த்து 65 விழுக்காடு என்று சான்று கொடுத்தார். பராமரிப்பு உதவித்தொகைக்கு மனுக் கொடுத்தபோது, 75 இருந்தால்தான் கிடைக்கும் என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். 8,000 ரூபாய் கொடுத்தால் 80 ஆக்கித் தருவதாக அலுவலக வாசலில் ஒருவர் சொல்கிறார். வழக்கறிஞர் ஒருவர், வழக்குப் போட்டு வாங்கித் தருகிறேன், வரும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு தர வேண்டும் என்கிறார். இரண்டுக்கும் எங்களிடம் பணம் இல்லை. வேறு வழி உண்டா?
— ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, அந்த இரண்டு பேருக்கும் நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். வாசலில் நிற்கும் அந்த மனிதர் சொல்வதைக் கேட்டால் உங்கள் தம்பிதான் ஆபத்தில் மாட்டிக்கொள்வார். மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகையை மோசடியாகப் பெற்றால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 91ஆம் பிரிவு இடம் தருகிறது. உண்மையிலேயே நடக்க முடியாத ஒருவர், பொய்ச் சான்று வைத்திருந்ததற்காகக் குற்றவாளிக் கூண்டில் நிற்பதைவிடக் கொடுமை வேறில்லை. வழக்கறிஞர் கேட்கும் மூன்றில் ஒரு பங்கும் முறையானதல்ல. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் நடத்தை விதிகள் தடை செய்கின்றன. இதை அவரிடம் பணிவாகவே சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பணம் இல்லாமலேயே வழக்கறிஞர் கிடைப்பார். சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987-இன் 12ஆம் பிரிவு யார் யாருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்று வரிசைப்படுத்துகிறது. அதில் மாற்றுத்திறனாளிகள் தனி வகையாக இடம்பெறுகிறார்கள். அவர்களுக்கு வருமான உச்சவரம்பு கிடையாது. அதே பிரிவில் பெண்களும் இருப்பதால், மனுவை நீங்கள் உங்கள் பெயரில் கொடுத்தாலும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. பலர் இது பரம ஏழைகளுக்கு மட்டுமான உதவி என்று எண்ணித் தயங்கி நிற்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அந்தத் தயக்கத்தால்தான் வாசலில் நிற்பவர்கள் பிழைக்கிறார்கள். உங்கள் வட்டத்தின் நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவும், நாமக்கல் ஒருங்கிணைந்த நீதிமன்றத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் இருக்கின்றன. வெள்ளைத் தாளில் விவரத்தை எழுதிக் கொடுத்தால் போதும். எழுத இயலாதவர் வாயால் சொன்னாலும் அங்குள்ளவர்கள் எழுதிக்கொள்வார்கள். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். அவர்கள் நியமிக்கும் வழக்கறிஞர் உங்களிடம் கட்டணம் எதுவும் வாங்கக் கூடாது. நீதிமன்றக் கட்டணமும் அந்த உதவிக்குள் அடங்கும். தம்பியால் வர இயலாவிட்டால், சட்டத் தன்னார்வலர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்படி கேளுங்கள்.

ஆனால் வழக்கறிஞர் கிடைத்த மறுநாளே வழக்குப் போட்டுவிட முடியாது. வாயால் சொல்லப்பட்ட மறுப்பை மன்றத்தில் எதிர்ப்பது கடினம் என்பதால், முதலில் அதை எழுத்தில் வாங்க வேண்டும். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு முகவரியிட்ட மனுவைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ‘என் மனு நிராகரிக்கப்பட்டிருந்தால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும்’ என்ற ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். கூடவே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன், மருத்துவர் தம்பியைப் பரிசோதித்து நிரப்பிய மதிப்பீட்டுத் தாளின் நகலைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு உண்டு.

அந்த மதிப்பீட்டுத் தாளில்தான் உங்கள் வழக்கின் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் ஒரு செய்தியை நீங்கள் போகிற போக்கில் சொல்லிச் சென்றிருக்கிறீர்கள்: பேச்சும் போய்விட்டது என்று. முகாமில் பார்த்தவர் எலும்பு மருத்துவர். அவர் கையையும் காலையும் அளந்து 65 என்று எழுதியிருக்கிறார். அது அவருடைய துறையில் சரியாகவே இருக்கலாம். ஆனால் 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு தனி வகை. நரம்புப் பாதிப்பால் பேச்சிழப்பதும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. அதை மதிப்பிட வேண்டியவர் காது மூக்கு தொண்டை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளரின் சோதனை அறிக்கையோடு. பெரும்பாலும் என்ன நடக்கிறது என்றால், பக்கவாதம் வந்தவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு முகாமுக்குப் போகிறோம். மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அக்காவோ மனைவியோ பதில் சொல்லிவிடுகிறார்கள். அவரால் ஒரு சொல்லும் சொல்ல முடியாது என்பது யார் கண்ணிலும் படாமலே, தாளிலும் ஏறாமலே போய்விடுகிறது.

இரண்டு குறைபாடுகள் இருந்தால் இரண்டு எண்களையும் அப்படியே கூட்டிவிட மாட்டார்கள். அதற்கென்று மத்திய அரசின் மதிப்பீட்டு வழிகாட்டுதலில் ஒரு சூத்திரம் இருக்கிறது. பேச்சுக் குறைபாடு 40 என்று வைத்துக்கொண்டால், கூட்டினால் வரும் 105 வராது. ஆனாலும் சூத்திரப்படி மொத்தம் 75-ஐத் தாண்டும். தம்பிக்கு எவ்வளவு வரும் என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும். நான் உறுதி தர மாட்டேன். ஆனால் பேச்சை அளக்காமலேயே அவருடைய குறைபாடு 65தான் என்று முடிவு கட்டியது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை.

எனவே, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பேச்சுப் பரிசோதனை செய்து, மூளை ஸ்கேன் அறிக்கை, பக்கவாதம் வந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சுருக்கம் ஆகியவற்றையும் சேர்த்து, பல்வகைக் குறைபாடு என்ற வகையில் மறுமதிப்பீடு கோருங்கள். பேச்சுப் பரிசோதனையன்று நீங்கள் அவருக்குப் பதிலாகப் பேசாதீர்கள். அது கடினம் என்று அறிவேன், இருந்தாலும் அன்று ஒருநாள் அமைதியாக இருங்கள். மறுமதிப்பீட்டை மறுத்தாலோ, மீண்டும் அதே எண்ணை எழுதினாலோ, சான்றளித்த அதிகாரியின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு தருகிறது. அதற்குக் காலவரம்பு உண்டு; ஆகவே சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞரிடம் பழைய சான்றின் தேதியை முதல் சந்திப்பிலேயே காட்டிவிடுங்கள். அவருடைய உதவி உங்களுக்கு மிகவும் தேவைப்படும் இடம் இந்த மேல்முறையீடுதான்.

புதிய சான்றில் 75-க்கு மேல் வந்த பிறகும் நல அலுவலகம் காலம் கடத்தினால், சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம். கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை. அஞ்சலில் அனுப்பினாலும் எடுத்துக்கொள்வார்கள். ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்க உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் ஆணையருக்கும் உண்டு. அவர் பரிந்துரை செய்தால், எடுத்த நடவடிக்கையை அந்த அலுவலகம் மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஏற்காவிட்டால் காரணத்தை ஆணையருக்கும் உங்களுக்கும் சொல்ல வேண்டும். உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு (ரிட் மனு) என்பது அதற்கும் அப்பால் உள்ள படி. அங்கும் பெரும்பாலும் ‘மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலிக்கவும்’ என்ற உத்தரவுதான் முதலில் கிடைக்கும் என்பதால், அதிலிருந்து தொடங்குவதில் பயனில்லை. பங்கு கேட்ட வழக்கறிஞர் இதை உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இவையெல்லாம் முடிய மாதங்கள் ஆகும். அதுவரை வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே! வருவாய்த் துறை வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு 40 விழுக்காடு இருந்தாலே விண்ணப்பிக்கலாம். இப்போது கையில் இருக்கும் 65 விழுக்காட்டுச் சான்றே அதற்குப் போதும். வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரைப் பாருங்கள். வறுமை, ஆதரவின்மை குறித்த நிபந்தனைகள் உண்டு. கிராம நிர்வாக அலுவலர் நேரில் விசாரிப்பார். 2023 ஜனவரியில் இந்த ஓய்வூதியம் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தப்பட்டது. நீங்கள் கேட்கும் பராமரிப்பு உதவித்தொகையும் 1,500-லிருந்து 2,000 ஆக உயர்த்தப்பட்டது. இரண்டையும் ஒருசேர வாங்க முடியாது. பின்னால் 2,000 ரூபாய் அனுமதிக்கப்படும்போது, ஓய்வூதியம் பெறுவதை மறைக்காமல் எழுதிக் கொடுத்து, அதை நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் வட்டாட்சியர் அலுவலகம், பிறகு திங்கட்கிழமை மனு, அந்த வாரத்திலேயே சட்டப் பணிகள் குழு. இந்த வரிசையில் போங்கள். எங்கே போனாலும் அசல் சான்றை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். நகலை மட்டும் கொடுங்கள். மதிப்பீட்டுத் தாள் கைக்கு வந்ததும், அதில் பேச்சைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் எனக்கு ஒரு அஞ்சலட்டையில் தெரிவியுங்கள். மேல்முறையீட்டு மனுவில் எதை எப்படி எழுத வேண்டும் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.