கடலில் விழுந்த கண்மாய்கள்

அன்புள்ள ஐயா,

திண்டுக்கல் மாவட்டத்துக் கண்மாய்களையும் வரத்துக் கால்வாய்களையும் போஸ்ட்ஜிஐஎஸ் என்னும் நிலப்படத் தரவுத்தளத்தில் சேர்த்து வருகிறேன். இரண்டு அடுக்குகளையும் இணைத்தபோது, இடங்கள் எந்த ஆயமுறையில் குறிக்கப்பட்டவை என்று சொல்லும் எஸ்ஆர்ஐடி எண்கள் கலந்திருப்பதாகப் பிழை வந்தது. செட்எஸ்ஆர்ஐடி கட்டளை கொடுத்து எல்லாவற்றையும் 32643 ஆக்கினேன், பிழை போய்விட்டது. ஆனால் நத்தம் பக்கத்துக் கண்மாய் ஒன்றுகூட எந்தக் கால்வாயையும் தொடவில்லை என்று விடை வருகிறது. இன்டெக்ஸ் கெட்டிருக்குமா? சர்வரை மாற்ற வேண்டுமா?

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

இன்டெக்ஸில் குற்றமில்லை, சர்வருக்குச் செலவழிக்கவும் வேண்டாம். உங்கள் நத்தம் கண்மாய்கள் இப்போது இலட்சத்தீவின் அகத்தித் தீவுக்குத் தெற்கே அரபிக்கடலில் கிடக்கின்றன. 78 பாகைத் தீர்க்கரேகை உங்கள் மாவட்டத்தின் ஊடாகவே செல்கிறது. உலகை ஆறு பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் குறிக்கும் யூடிஎம் முறையில், அதற்கு மேற்கே 43ஆம் மண்டலம் (32643), கிழக்கே 44ஆம் மண்டலம் (32644). நத்தத்தின் எண்கள் 44ஆம் மண்டலத்துக்குரியவை. அவற்றின் மேல் 43 என்று சீட்டு ஒட்டினீர்கள். ஊரே ஆறு பாகை, அதாவது ஏறத்தாழ 650 கிலோமீட்டர், மேற்கே போய்விட்டது. செட்எஸ்ஆர்ஐடி சீட்டை மட்டுமே மாற்றும். எண்களைக் கணக்கிட்டு மாற்றுவது டிரான்ஸ்ஃபார்ம்.

‘பிழை போய்விட்டது’ என்று எவ்வளவு நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள்! அந்த நிம்மதியின் மேல்தான் எனக்குக் கோபம். உங்கள் தரவுத்தளம் உண்மையைச் சொன்ன ஒரே தருணம் அது. நீங்கள் அதன் வாயைப் பொத்திவிட்டீர்கள்.

இப்படிக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதி இருக்கிறதா என்றால், இதே குற்றத்தைச் செய்தவன் என்ற தகுதி இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், எவரெஸ்ட் நீள்கோளம் என்ற அந்நாளைய பூமி வடிவக் கணக்கைச் சார்ந்த பழைய நிலப்படத்திலிருந்து கிணறுகளைக் கணினியில் ஏற்றினேன். மென்பொருள் ஏதோ ஓர் எண்ணைக் கேட்டது. எல்லோரும் போடுவதுதானே என்று, ஜிபிஎஸ் முறைக்குரிய 4326 போட்டேன். பிழை ஏதும் வரவில்லை. அச்சிட்ட படத்தைப் பார்க்க வந்த பெரியவர் ஒருவர், “என் கெணறு எப்ப தம்பி அவன் தோட்டத்துக்குப் போச்சு?” என்று கேட்டார். நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருந்தது. கடலில் விழுந்திருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன்; பக்கத்துத் தோட்டத்தில் விழுந்ததால், அதற்கென்று வழக்கு நடந்த நிலத்துக்காரர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. அந்த வகையில் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

1802இல் நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலையிலிருந்து ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்தபோது, எஃகுச் சங்கிலி வெயிலில் நீளும் என்பதற்காக வெப்பமானி வைத்து அதையும் கணக்கில் சேர்த்தார்கள். எந்த நிலையில் எடுத்த அளவு என்பது தெரியாவிட்டால் அந்த அளவுக்கு மதிப்பில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்கு வரும் கோப்புகளில் பாதியில், ஆயமுறையைச் சொல்லும் பிஆர்ஜே கோப்பே இருப்பதில்லை. கேட்டால், “எல்லாம் ஜிபிஎஸ்தான் சார்” என்கிறார்கள்.

முதலில் மூலக் கோப்புகளை மீண்டும் ஏற்றி, கிழக்குத் தூரத்தை, அதாவது கிழக்கு-மேற்கு நிலையைச் சொல்லும் மீட்டர் எண்ணைப் பாருங்கள். உங்கள் மாவட்டத்தில் அது எட்டு இலட்சத்தை ஒட்டி இருந்தால் 43, இரண்டு இலட்சத்தை ஒட்டி இருந்தால் 44. வடக்குத் தூரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் அதை நம்பாதீர்கள். இரண்டு இலட்சக்காரர்களுக்கு 32644 என்று சீட்டு ஒட்டி, அதன் பிறகு டிரான்ஸ்ஃபார்ம் கொடுத்து 32643க்குக் கொண்டுவாருங்கள். அதற்கும் முன்னால், நத்தம் கோப்பை அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைத்து, எந்த மண்டலத்தில் அளந்தார் என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.