மான் வேட்டை நிலமும் ஆளுயரக் களைகளும்: அமெரிக்க வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (மிசௌரி): மான் வேட்டைக்காக வாங்கிய 40 ஏக்கரில் பாதிக்கு மேல் ஆளுயரக் களை மண்டிவிட்டது. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: ஆளுயரம் என்பது எந்தச் செடியின் பெயரும் அன்று. ராட்சத ராக்வீட் என்ற அகன்ற இலைக் காட்டுச்செடி என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். அதன் இலைகளை வெள்வால் மான் கோடையில் விரும்பி மேயும். செரீசியா லெஸ்பிடீசா என்ற படர்ந்து பெருகும் களை என்றால் விதை கட்டுவதற்கு முன்பே ட்ரைக்ளோபிர் என்ற களைக்கொல்லியை அடித்தாக வேண்டும். விழுந்த விதை 20 ஆண்டுகள் ஆனாலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். செடியின் பெயர் தெரியாமல் தெளிப்பானில் மருந்தை ஊற்றாதீர்கள்.

கேள்வி (கென்டக்கி): ராக்வீட்டில் சத்து உண்டா?

பதில்: உண்டு. கொம்பு வளரும் மாதங்களில் மானின் உணவில் சுமார் 16 சதவீதப் புரதம் வேண்டும். ராக்வீட்டின் இளந்தளிரில் 18 வரை கிடைக்கும். ஆனால் இது நம் ஊர்ப் பார்த்தீனியத்துக்கு நெருங்கிய உறவு. மகரந்த ஒவ்வாமை உள்ளவர்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

கேள்வி (ஐயோவா): ஆண்டுதோறும் ஜூனில் டிராக்டர் புல்வெட்டியை ஓட்டி நிலத்தைச் சீராக வைத்திருக்கிறேன். இருந்தும் மான்கள் தங்குவதில்லையே, ஏன்?

பதில்: கேள்வியிலேயே விடை இருக்கிறது. இந்தச் 'சீராக' என்ற சொல்லோடு பல ஆண்டுகளாக மல்லுக்கட்டி வருகிறேன். மே இறுதியிலும் ஜூனிலும் பிறக்கும் மான்குட்டி, முதல் இரண்டு மூன்று வாரங்கள், ஆபத்து நெருங்கும்போது ஓடாமல் தரையோடு தரையாய் ஒட்டிக் கிடக்கும். உங்கள் புல்வெட்டி வரும்போதும் அப்படித்தான் கிடக்கும். தரையில் கூடு கட்டும் வான்கோழிக்கும் காடைக்கும் அதே கதி. வெட்டிப் போட்ட தழை மெத்தைபோல் மூடிக்கொள்வதால் அகன்ற இலைச் செடிகளின் விதை முளைப்பது குறைந்து, ஃபெஸ்க்யூ, புரோம் போன்ற புற்களே பெருகும். ஆக, மானின் உணவையும் மறைவிடத்தையும் ஒரே நாளில் அழித்துவிட்டு, மான் எங்கே என்று கேட்கிறீர்கள். புல்வெட்டியை நிறுத்திவிட்டு, நிலத்தை மூன்று பங்காகப் பிரித்து, குளிர்காலத்தில் ஆண்டுக்கு ஒரு பங்கை மட்டும் டிஸ்க் (வட்டத்தகட்டுக் கலப்பை) கொண்டு மேலாகக் கிளறுங்கள். அகன்ற இலைச் செடிகள் பல வகையாக முளைக்கும். அதையே வசந்த இறுதிக்குத் தள்ளிப்போட்டால் புல்தான் மிகும். தீயிடுவதும் நல்ல முறைதான், ஆனால் தீத்தடுப்புப் பட்டையும் அனுமதியும் அனுபவசாலிகளும் இல்லாமல் நெருப்பைத் தொடவே கூடாது.

கேள்வி (டென்னசி): பழைய ஃபெஸ்க்யூ மேய்ச்சல் நிலத்தில் பலவகைச் செடிகள் வளர என்ன விதை வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்க வேண்டாம். முதல் உறைபனிக்குப் பின், மற்றச் செடிகள் அடங்கி ஃபெஸ்க்யூ மட்டும் பச்சையாய் நிற்கும் நேரத்தில் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்துவிட்டு, மண்ணில் உறங்கும் விதைகள் என்ன தருகின்றன என்று ஒரு கோடை பொறுத்துப் பாருங்கள்.

கேள்வி (விஸ்கான்சின்): மானுக்குத் தீவனமாக விதைத்த க்ளோவர் பாத்தியில் 2,4-டி என்ற களைக்கொல்லியைத் தெளிக்கலாமா?

பதில்: கூடாது, க்ளோவரும் சேர்ந்து வாடும். நீங்கள் கேள்விப்பட்டது 2,4-டிபி என்ற வேறொரு களைக்கொல்லியாக இருக்கலாம். அதுவும் களை சிறிதாக இருக்கும்போதுதான் பலிக்கும். லேபிளை முழுதாகப் படியுங்கள்.

கேள்வி (ஒஹாயோ): வெள்ளைக் குடைப் பூக்கள், தண்டில் ஊதாப் புள்ளிகள், ஏழடி உயரம். பிடுங்கி எரிக்கலாமா?

பதில்: அடையாளங்களை ஒழுங்காக எழுதியதற்கு நன்றி. அது பெரும்பாலும் நச்சு ஹெம்லாக் என்ற விஷச்செடி. வெறுங்கையால் தொடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம். இலையுதிர் காலத்தில் தரையோடு படர்ந்திருக்கும் இளஞ்செடிகளுக்கு மருந்து அடியுங்கள்.