நம்ம வீட்டுக்கு எப்போ கிறிஸ்மஸ்?

கேள்வி:

நாகர்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். நவம்பர் பாதியிலேயே கிறிஸ்மஸ் துணிகள் வந்து குவிந்துவிடும். டிசம்பர் 24 ராத்திரி வரை மிஷினை விட்டு எழுந்திருக்க முடியாது. கணவருக்கு பேக்கரியில் வேலை. கேக் சீசனில் அவர் வீடு வந்து சேர நடுராத்திரி ஆகிவிடும். மகள் இரண்டாம் வகுப்பு, மகனுக்கு நாலு வயது. மாமியார்தான் இருவரையும் பார்த்துக்கொள்கிறார். போன வருஷம் குடில் வைக்கவில்லை. பலகாரம் கடையில் வாங்கினோம். மகளின் கவுனுக்குக் கீழ்மடிப்பு அடிக்க நேரமில்லாமல் ஊக்கு குத்திக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். "அம்மா, நம்ம வீட்டுக்கு எப்போ கிறிஸ்மஸ்?" என்று கேட்டாள். அது இன்னும் மனசைத் தைக்கிறது. இந்த வருஷம், கிறிஸ்மஸ் தாத்தா என்று யாருமே கிடையாதாம், உண்மையா என்று வேறு கேட்கிறாள். நான் என்ன செய்ய?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த ஊக்கு விஷயத்தை முடித்துவிடுவோம். வாத்தியார் பிள்ளை மக்கு என்கிற கதைதான் உங்கள் வீட்டில் நடந்திருக்கிறது. டிசம்பர் முதல் தேதி, வேறு யார் துணியிலும் கத்தரி வைக்கும் முன் மகள் கவுனையும் மகன் சட்டையையும் வெட்டுங்கள். இரண்டு நாளில் தைத்து முடித்து, பிள்ளைகள் கண்ணில் படுகிற இடத்தில் ஹேங்கரில் தொங்கவிடுங்கள். தினமும் பார்க்கலாம், தொட்டுக்கூடப் பார்க்கலாம், போடத்தான் கூடாது. மூன்று வாரம் எட்ட இருந்து பார்த்த கவுனுக்கு இருக்கிற மதிப்பு, 25 காலையில் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிற கவுனுக்கு வராது.

இனி மகளின் கேள்விக்கு வருவோம். நம்ம வீட்டில் ஏன் கிறிஸ்மஸ் இல்லை என்று அவள் கேட்கவில்லை. எப்போ என்றுதான் கேட்டிருக்கிறாள். ஏழு வயதுப் பிள்ளை நாள் எண்ணத் தெரிந்த பிள்ளை. அவளுக்கு ஒரு தேதி சொல்லுங்கள்.

அந்தத் தேதியில்தான் நாம் எல்லாருமே குழப்பிக்கொள்கிறோம். டிசம்பர் பிறந்ததும் பண்டிகை வந்துவிட்ட மாதிரி ஓடி, 26-ஆம் தேதி அலுத்துப்போய் ஸ்டாரைக் கழற்றி பரணில் போடுகிறோம். கோயில் கணக்கு இதற்கு நேர் எதிர். 25-க்கு முந்தின நாலு ஞாயிறும் திருவருகைக் காலம், அதாவது காத்திருக்கும் காலம். கிறிஸ்மஸ் காலம் 25-இல்தான் தொடங்குகிறது. மரபுப்படி, பாலன் இயேசுவைத் தேடி வந்த மூன்று ராஜாக்களின் திருநாளான ஜனவரி 6-ஐயும் தாண்டிப் போகிறது. உங்கள் தொழிலுக்கென்றே வகுத்துக் கொடுத்த காலண்டர் மாதிரி இல்லையா இது! 24 வரை பிள்ளைகளுக்குக் காத்திருப்பைக் கொடுங்கள், அதற்குத் தினம் ஒரு நிமிஷம் போதும். கொண்டாட்டத்தை 25-க்கு அப்புறம், மிஷின் ஓய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

காத்திருப்புக்குக் குடிலை விட நல்ல பொருள் கிடையாது. பெரிய செட் எதுவும் வேண்டாம். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் அசிசியார், அதாவது அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ், முதன்முதலில் அமைத்த குடிலில் இருந்தது தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். உங்கள் வீட்டில் ஒரு பழைய அட்டைப் பெட்டி, கூரைக்கு நீங்கள் வெட்டித் தள்ளிய துண்டுத் துணி. பிள்ளைகளும் மாமியாரும் பார்த்துக்கொள்வார்கள். கோணலாகத்தான் இருக்கும். நேராக்கப் போகாதீர்கள், தையல்காரியின் கை சும்மா இருக்காது என்பது தெரிந்தே சொல்கிறேன்.

டிசம்பர் 14 வாக்கில் கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவைத்து, இரண்டு மூன்று சிரட்டைகளில் மண் போட்டுத் தூவச் சொல்லுங்கள். மகனுக்கு அதில் தினமும் தண்ணீர் தெளிக்கிற வேலை. முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியாது, "முளைக்கவே இல்ல பாட்டி" என்று கிளறிப் பார்ப்பான். 24-ஆம் தேதி விரல் நீளத்துக்குப் பச்சைப் பசேலென்று நிற்கும். அதுதான் ஆடுகளுக்கு மேய்ச்சல் நிலம்.

அடுத்தது ராஜாக்கள். எங்கள் வீட்டில் இருந்த மண் சுரூபங்களில் ஒரு ராஜாவுக்குக் கை உடைந்து, அம்மா மெழுகுதிரியை உருக்கி ஒட்டிவைத்திருந்தாள். வெயிலில் வைத்தால் கை கழன்று விழும். அந்த மூன்று பேரும் அடுக்களை அரிசிப் பானைக்குப் பக்கத்திலிருந்து கிளம்புவார்கள். ராத்திரி படுக்கும் முன் ஆளுக்கொரு நாள் முறைவைத்து ஒரு சாண் நகர்த்துவோம். ஜன்னல் திண்டு, அலமாரித் தட்டு, ரேடியோ என்று போய் ஜனவரி 6-இல்தான் குடிலுக்கு வந்து சேருவார்கள். நான் முறை தவறி நகர்த்தி அண்ணனிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் அவர்கள் தையல் மிஷின் மேசையிலிருந்து கிளம்பட்டும். ராத்திரி பிள்ளைகள் உங்களிடம்தான் வந்தாக வேண்டும். அந்த ஒரு நிமிஷம் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிடுங்கள். சத்தம் நின்றதா இல்லையா என்று பிள்ளைகளுக்குத் தெரியும். "இன்னைக்கு எங்கே வந்திருக்காங்க?" என்று கேளுங்கள். நகர்த்தியானதும் மிஷினை ஓட்டுங்கள், தப்பே இல்லை.

15-க்கு மேல் புது ஆர்டர் எடுக்காதீர்கள் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இந்த ஒரு மாசத் தையலை நம்பி எத்தனை செலவு காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். 24 சாயங்காலம் எட்டு மணிக்கு மிஷினுக்கு உறை போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு பிளவுஸோடு வருகிறவர் சொந்தக்காரராகவே இருந்தாலும் சரி.

பலகாரத்தைக் கடையில் வாங்கியது குற்றமே இல்லை. கேக்கும் இவர்கள் அப்பா வேலை செய்த கேக்தானே, அதைச் சொல்லிச் சொல்லியே கொடுங்கள். கை வைத்துச் செய்வதை 27, 28-க்குத் தள்ளுங்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்து மகளுக்கும் லீவு. முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு எல்லாம் எண்ணெய்ப் பக்கத்து வேலை, சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. கலகலா செய்யுங்கள். அரைக் கிலோ மைதா, சீனி, தேங்காய்ப்பால் போட்டுப் பிசைந்து கோலி அளவு உருட்டிக் கொடுத்தால், புதுச் சீப்பின் பல்மேல் வைத்து அழுத்திச் சுருட்டுவது பிள்ளைகளின் வேலை. சோழி மாதிரி வரி விழும். மகன் சுருட்டுவது சோழி மாதிரி இருக்காது, அதையும் சேர்த்தே பொரித்துவிடுங்கள்.

கடைசியாகக் கிறிஸ்மஸ் தாத்தா. எங்கள் தெருவுக்குக் கேரல் ரவுண்ட்ஸ் வரும்போது மணி ஒன்று ஆகியிருக்கும். சிவப்பு அங்கி, பிளாஸ்டிக் முகமூடி, டிரம் அடிக்கு ஒரு ஆட்டம், அப்புறம் மிட்டாய் வீச்சு. எட்டு வயதில் ஒரு ராத்திரி, அங்கிக்குக் கீழே தெரிந்த நீல வார் செருப்பைப் பார்த்துவிட்டேன். எங்கள் உபதேசியாரின் செருப்பு! ஏமாந்துபோனேனா என்றால் இல்லை. அடுத்த வருஷம் முதல் மிட்டாயை விட்டுவிட்டு, இந்தத் தடவை யார் செருப்பு என்று பார்ப்பதற்காகவே விழித்துக் கிடந்தேன்.

அதனால் மகளிடம் பொய் சொல்ல வேண்டாம், அவசரப்பட்டு உடைக்கவும் வேண்டாம். "உனக்கு என்ன தோணுது?" என்று கேளுங்கள். உண்மைதான் வேண்டும் என்று அவள் நின்றால், மைரா என்ற ஊரில் நிக்கோலாஸ் என்று ஒரு ஆயர் இருந்தார், யார் கொடுத்தது என்று தெரியாமல் ஏழை வீட்டில் பொன் போட்டுவிட்டுப் போவாராம் என்று அந்தக் கதையைச் சொல்லுங்கள். அவருடைய திருநாள் டிசம்பர் 6. இப்போது அந்த வேலையை ஊரில் பல பேர் செய்கிறார்கள், அப்பாவும் அதில் ஒருவர் என்று முடியுங்கள். தம்பியிடம் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ரகசியத்தை வைத்துக்கொண்டு அவள் நடக்கிற நடையைப் பாருங்கள்.

நள்ளிரவுப் பூசையில் மகன் தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம். பாலன் சுரூபத்தைத் தொட்டிலில் வைப்பது அவன் வேலை என்று முன்கூட்டியே சொல்லி, விடிந்ததும் அவன் கையில் கொடுங்கள். ஸ்டார் தொங்கட்டும். ஜனவரி 6 ராத்திரி ராஜாக்கள் வந்து சேர்ந்ததும், டப்பாவின் அடியில் கிடக்கிற கலகலாவைத் தின்று தீர்த்துவிட்டுக் கழற்றினால் போதும்.