‘விளைவு காணப்படாத செறிவு’ பாதுகாப்பான அளவா?

கேள்வி: பூச்சிக்கொல்லி ஒன்றைப் பற்றிய அறிக்கையில் ‘விளைவு காணப்படாத செறிவு’ என்று ஓர் எண் கொடுத்திருந்தார்கள். ஆற்றுநீரில் அதற்கும் குறைவாக இருந்தால் உயிர்களுக்குத் தீங்கில்லை என்று கொள்ளலாமா?
– வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: கொள்ள முடியாது. அந்த எண்ணில் நஞ்சின் இயல்போடு சோதனையின் தரமும் கலந்திருக்கிறது. டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளுச் சோதனையில், ஒவ்வொரு செறிவிலும் பொதுவாகப் பத்து உயிர்களை 21 நாள் வளர்த்து, அவை ஈனும் குஞ்சுகளை எண்ணி, நஞ்சு கலவாத நீரில் வளர்ந்தவற்றோடு ஒப்பிடுவார்கள். புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தென்படாத செறிவுகளுள் உயர்ந்ததே நீங்கள் பார்த்த எண். உயிர்கள் குறைவாக இருந்து, அளவீடுகளும் சிதறிக் கிடந்தால், உண்மையான பாதிப்புகூடக் கணக்கில் சிக்காமல் போகும். அப்போது அந்த எண் உயர்ந்துவிடும். அரைகுறையாகச் செய்த சோதனை நஞ்சுக்கு நற்சான்று வழங்குவதை என்னால் ஏற்க இயலவில்லை.

ஆகவேதான், செறிவுக்கும் விளைவுக்கும் ஒரு வளைகோட்டைப் பொருத்தி, 10 விழுக்காடு பாதிப்பு எந்தச் செறிவில் நேரும் என்பதை நம்பிக்கை இடைவெளியோடு (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வீச்சோடு) கணிப்பதே மேல் எனப் புள்ளியியலாளர் பலர் வலியுறுத்துகின்றனர். சோதனை மோசமானால் இடைவெளி அகன்று, குறை வெளிப்பட்டுவிடும்.

ஓர் இனத்தின் கணக்கு ஆற்றுக்குப் போதாது. பாசி, ஓட்டுடலி, மீன் எனப் பல இனங்கள் பாதிக்கப்படும் செறிவுகளை மடக்கை அளவில் (பத்து மடங்கு ஒவ்வொன்றும் ஒரே படியாக) அடுக்கி, அவை எப்படிப் பரவியுள்ளன என்று காட்டும் ஒரு வளைகோட்டைப் (பரவலை) பொருத்தி, 5 விழுக்காடு இனங்கள் பாதிக்கப்படும் செறிவைக் காண்பது இன்று பரவலான முறை. ஐரோப்பிய வழிகாட்டுதல் எட்டு வகைப்பாட்டுக் குழுக்களிலிருந்து குறைந்தது 10 இனங்களின் தரவைக் கேட்கிறது. கிடைக்கும் செறிவை 1 முதல் 5 வரையிலான காரணியால் வகுக்கவும் சொல்கிறது.

அந்த 5 விழுக்காட்டில் எந்த இனம் விழுகிறது என்று பரவல் சொல்வதில்லை. எடுத்துக்காட்டாக, கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்னும் வலிநிவாரணி, அவற்றின் சடலங்களைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது; கோழிகள் அதே மருந்தைப் பல மடங்கு தாங்குபவை. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் கொல்லும் அளவு மருந்து இருந்தாலே அந்தக் கழுகுகளின் எண்ணிக்கை சரிந்த பேரழிவு நேரும் என்பது 2004இல் வெளியான கணிப்பு. 2006இல் இந்தியா அதன் கால்நடைப் பயன்பாட்டைத் தடை செய்தது.

அறிக்கை தந்தவர்களிடம் மூன்றைக் கேளுங்கள்: எத்தனை உயிர்களைச் சோதித்தார்கள், எந்தெந்தச் செறிவுகளில், எந்த இனங்களை விட்டுவிட்டார்கள்.