சிறு கிண்ணங்களில் சுடும் ஆப்பிள் கிரிஸ்பின் (ஆப்பிள் துண்டுகள்மேல் ஓட்ஸ் கலவை தூவிச் சுடும் இனிப்பு) மேலுள்ள ஓட்ஸ் ஏன் நமத்துப்போகிறது?

நீங்கள் கேட்டுள்ள இச்சிக்கலுக்குப் பெரும்பாலும் பழச்சாறே காரணம். சூட்டில் ஆப்பிள் விடும் நீர் கெட்டிப்படாமல் ஆவியாக மேலெழும்போது, அது ஓட்ஸை அடியிலிருந்து நனைத்துவிடுகிறது. ஆகவே, நான்கு கிண்ணங்களுக்கு 500 கிராம் புளிப்பு ஆப்பிளை நறுக்கி (கிரானி ஸ்மித் வகை குழையாமல் நிற்பதால் அதையே நான் விரும்புகிறேன்), இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையும் சாறு கெட்டிப்பட இரண்டு தேக்கரண்டி சோளமாவும் (கார்ன்ஃப்ளார்) சேர்த்துப் பிசறுங்கள்.

மேலே தூவுவதற்கு 60 கிராம் ஓட்ஸ், 40 கிராம் மைதா, 50 கிராம் பழுப்புச் சர்க்கரை ஆகியவற்றில் 50 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல்நுனியால் உதிரியாகத் தேய்த்துக் கலக்க வேண்டும். வெண்ணெய் முன்பே உருகிவிட்டால் உதிரித்தன்மை குறையும்; உடனடி ஓட்ஸோ பொடிந்து மாவாகிவிடும் என்பதால், முழுத் தட்டை ஓட்ஸே ஏற்றது. கலவையை அழுத்தாமல் தூவி, 180 டிகிரி செல்சியஸில் 30 முதல் 35 நிமிடம் சுடுங்கள்.

மேற்புறம் பொன்னிறமானதும் எடுத்துவிடாதீர்கள். ஓரங்களில் சாறு கெட்டியாகக் கொப்பளிக்கும்போதுதான் சோளமாவு வெந்திருக்கும். பின்னர் மூடாமல் பத்து நிமிடம் ஆறவிடுங்கள்.