எதிர்க்கட்சி எம்.பி. நாடாளுமன்றத்தில் பேசுவதால் தொகுதிக்கு என்ன பயன்? எப்படியும் ஓட்டெடுப்பில் தோற்கத்தானே போகிறார்?

பயன் இருக்கிறது. ஓட்டெடுப்பு நடக்கும் அன்றைக்கு அது கண்ணில் படாது, அதனால் இல்லவே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். கேள்வியோடு உங்கள் ஊர் பல்லடம் என்று போட்டிருக்கிறீர்கள். நான் சோமனூர், தறிக்குடும்பம். எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு தாளைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியும். அதற்கு முன்னால் என் அப்புச்சியைப் (அம்மாவின் அப்பா) பற்றிக் கொஞ்சம்.

அப்புச்சி சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்த்தவர். 1957 தேர்தலில் கோவையிலிருந்து மக்களவைக்குப் போனவர் கம்யூனிஸ்ட் கட்சியின் பார்வதி கிருஷ்ணன். அப்புச்சி அவருக்குத்தான் ஓட்டுப் போட்டார். 494 பேர் இருந்த அந்த அவையில் காங்கிரஸ் 371, கம்யூனிஸ்ட் கட்சி 27. எதிர்க்கட்சிகளிலேயே பெரிய கட்சிக்கு அவ்வளவுதான் பலம். "இருபத்தேழு பேரு போயி என்னங்க பண்ண முடியும்?" என்று பக்கத்து லைன் வீட்டுக்காரர் கேட்பாராம். "கேக்கறதுக்கு ஒருத்தரு போதுமே சாமி" என்பாராம் அப்புச்சி. இதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நானும் சின்ன வயதில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் கட்சிதான்.

பார்வதி கிருஷ்ணன் பிறந்த வீட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்பு அடங்காது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பம். அப்பா டாக்டர் சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண அரசுக்குத் தலைமை வகித்தவர். மகள் ஆக்ஸ்ஃபோர்டு போய்ப் படித்துவிட்டு வந்து கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து, தொழிற்சங்க வேலைக்குப் போனார். 1957-ல் அப்பா காங்கிரஸ் சார்பில் திருச்செங்கோட்டிலிருந்து அதே மக்களவைக்கு வந்தார், 1959-ல் போக்குவரத்து, தகவல் தொடர்பு அமைச்சரும் ஆனார். அப்பா ஆளுங்கட்சி வரிசையில், மகள் எதிர் வரிசையில். நம் ஊரில் வாய்க்கால் தகராறு வந்தாலே பங்காளிகள் பத்து வருஷம் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். அவர்கள் ஒரே கூரைக்குக் கீழே எதிரெதிரே உட்கார்ந்து நாட்டு வேலை பார்த்தார்கள்.

1973 மே 31 அன்று சென்னையிலிருந்து போன விமானம் டெல்லியில் இறங்கும் நேரத்தில் விழுந்து நொறுங்கியது. அதில் போனவர்களில் ஒருவர் பார்வதியின் அண்ணன் மோகன் குமாரமங்கலம். அப்போது ஒன்றிய அமைச்சர். இன்னொருவர் கோவையின் கம்யூனிஸ்ட் எம்.பி. கே. பாலதண்டாயுதம். அந்த இடத்துக்கு 1974-ல் இடைத்தேர்தல் வந்தபோது பார்வதி நின்று ஜெயித்தார். கூடப் பிறந்தவரைப் பறிகொடுத்த அதே விபத்து காலியாக்கிய இருக்கையில் போய் அவர் உட்கார வேண்டியிருந்தது. 1977-ல் மறுபடியும் கோவை அவரை அனுப்பியது. 2014-ல் கோவையிலேயே காலமானார்.

அவரைப் புகழ்வதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவசரநிலையை அவர் கட்சி ஆதரித்தது. என்னால் அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எதிர்க்கட்சிப் பேச்சுக்கு என்ன மதிப்பு என்று தெரிய வேண்டுமானால் அந்தக் காலத்தைத்தான் பார்க்க வேண்டும். 1975 ஜூலையில் அவை கூடியபோது கேள்வி நேரம் நிறுத்தப்பட்டது. அரசு வேலையைத் தவிர வேறெதுவும் அவையில் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். அவையில் பேசியதை உள்ளபடி வெளியிட்டால் பத்திரிகைக்கு வழக்கு வராது என்று 1956-ல் ஒரு சட்டம் வந்திருந்தது, பெரோஸ் காந்தி கொண்டுவந்த தனிநபர் மசோதாவால் (அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா) கிடைத்த சட்டம். அதையும் அவசரநிலையில் தூக்கிவிட்டார்கள். 1977-ல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆட்சியின் கையில் அவ்வளவு பெரும்பான்மை இருந்தும், பத்துப் பேர் எழுந்து கேள்வி கேட்பதையும் அது வெளியே அச்சாவதையும் தாங்க முடியவில்லை. பயனில்லாத பேச்சுக்கு யாராவது இத்தனை பூட்டுப் போடுவார்களா?

சரி, தோற்கிற விஷயத்துக்கு வருவோம். நம் மாநிலத்துக்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் வைக்கக் கோரி மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் பூபேஷ் குப்தா. வங்காளி, கம்யூனிஸ்ட். அண்ணா அங்கே உறுப்பினராக இருந்தபோது 1963-ல் அதை ஆதரித்துப் பேசினார். மசோதா தோற்றுப்போனது. 1967-ல் அண்ணா முதலமைச்சராகி, அந்த ஜூலையிலேயே இங்கே சட்டசபையில் தீர்மானம் நிறைவேறியது. 1969 ஜனவரி 14 முதல் பெயர் நடைமுறைக்கு வந்தது. இப்போது நீங்களும் நானும் விலாசத்தில் எழுதும் சொல் ஒரு காலத்தில் ஓட்டெடுப்பில் தோற்ற சொல்தான். இன்னொன்று, நம் காலத்திலேயே நடந்தது. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைகள் மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியது. ஒரு தனிநபர் மசோதா சட்டமாகி அப்போது 45 வருஷம் ஆகியிருந்தது. மக்களவையில் அது தேறவில்லை. ஆனால் அரசு தானே ஒரு மசோதா கொண்டுவர வேண்டியதாகி, 2019-ல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் குறைகள் உண்டு, அது தனிக் கதை.

இதெல்லாம் பெரிய விஷயங்கள். எனக்கு எதிர்க்கட்சி எம்.பி.யின் மதிப்பு தெரிந்தது ஒரு சின்னக் கேள்வியில்.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமில்லாத கேள்விகள். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்வார், துணைக் கேள்வி கேட்கலாம். டிவியில் நாம் பார்ப்பது இதைத்தான். மற்ற 230-க்கும் எழுத்தில் பதில் வரும். யாரும் கவனிக்காத அந்த 230-தான் நம்மைப் போன்றவர்களுக்குத் தோதான இடம் என்பேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் அப்பா எட்டு நாடாத் தறியில் (குறுக்கு நூலை நாடா என்ற கட்டை கொண்டுபோகும் பழைய வகை) நாலை விற்றுவிட்டு, கடன் வாங்கி நாடா இல்லாத தறி இரண்டு போட்டார். ஒன்றிய அரசின் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தில் மானியம் உண்டு என்றார்கள். 1999-ல் தொடங்கிய திட்டம் அது. மானியத்தை நம்பித்தான் கணக்கே போட்டிருந்தோம். மாதங்கள் ஓடின. வங்கியில் கேட்டால் "டெல்லியிலிருந்து வரலைங்க" என்ற ஒரே பதில். கூலிக்கு ஓட்டுகிற குடும்பம், பாவு (தறியில் ஏற்றும் நெடுக்கு நூல்) வந்தால் சோறு, வராவிட்டால் கடன். வட்டி மட்டும் தேதி தவறாமல் வந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயம்தான் மக்களவை இணையதளத்தில் ஜவுளி அமைச்சகப் பதில்களைத் தேடிப் பார்த்தேன். இதே மானியத்தைப் பற்றி, வேறு மாநிலத்து எதிர்க்கட்சி எம்.பி. ஒருவர் கேட்டிருந்தார். நம் தறியை அவர் பார்த்தது இல்லை, நம் பெயரைக் கேட்டது இல்லை. கேள்வி வழக்கம்போல நாலு பகுதியாக இருந்தது: (அ) நிலுவை இருப்பது அரசுக்குத் தெரியுமா, (ஆ) ஆம் எனில் மாநில வாரியாக விவரம் என்ன, (இ) காரணம் என்ன, (ஈ) அரசு எடுக்கும் நடவடிக்கை என்ன. பதிலும் அதே வரிசையில். கடைசிப் பகுதியில், கடன் கொடுத்த வங்கி கோரிக்கையை முறைப்படி அனுப்பிய பிறகே பணம் விடுவிக்கப்படும் என்ற பொருளில் ஒரு வரி.

அந்தத் தாளை பிரிண்ட் எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். தறிச் சத்தத்தில் நான் சொன்னது காதில் விழவில்லை. தறியை நிறுத்திவிட்டு, கையில் ஒட்டியிருந்த பஞ்சை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். அந்த வரியின் கீழே நான் போட்டிருந்த கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். "ஏங் கண்ணு, இதைக் கேட்டது நம்ம எம்.பி.யா?" என்றார். இல்லை என்றேன். "பின்ன யாருக்காகக் கேட்டாரு?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் வங்கியில் மேலாளர் அதைப் படித்தார். திருப்பி மேலே பார்த்தார், தேதியும் கேள்வி எண்ணும் இருந்தன. கணக்கரைக் கூப்பிட்டு எங்கள் ஃபைலை எடுத்துவரச் சொன்னார். ஒரு சான்றிதழ் குறைகிறது என்று ஃபைல் அங்கேயே கிடந்திருக்கிறது, டெல்லிக்குப் போகவே இல்லை. அதைக் கொடுத்தோம், அப்புறம் சில மாதத்தில் பணம் வந்தது. மேலாளர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அமைச்சரின் பதில் எழுத்தில் இருக்கும்போது "டெல்லியிலிருந்து வரலை" என்று யாராலும் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. அவையில் அமைச்சர் "பரிசீலனையில் இருக்கிறது", "விவரம் சேகரிக்கப்படுகிறது" என்று சொன்னால் அதை உறுதிமொழியாக எடுத்துக்கொண்டு தொடர 1953 முதல் மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது கணக்கு. பல உறுதிமொழிகள் அதைத் தாண்டி இழுக்கும், கைவிட அனுமதி கேட்பதும் உண்டு. ஆனாலும் ஏட்டில் ஏறியது ஏட்டில் நிற்கும். பட்ஜெட் சமயத்தில் வெட்டுத் தீர்மானம் என்று வருமே, அதில் ஒரு வகையில் அமைச்சகத்தின் தொகையில் 100 ரூபாய் குறைக்கச் சொல்வார்கள். குறிப்பிட்ட ஒரு குறையை அவையின் முன் வைக்க அந்த நூறு ரூபாய் ஒரு சாக்கு. நூல் விலையோ மில் மூடலோ அப்படி ஒரு வரியாக அவைக்குள் போக முடியும்.

இதனால்தான், கேள்வி நேரம் முழுவதும் கூச்சலில் ஓடி அவை ஒத்திவைக்கப்படும் நாட்களில் எனக்கு வயிறு எரிகிறது. கோபத்துக்கு நியாயம் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கேள்வி முதலில் என்று முடிவுசெய்யும் குலுக்கலில் விழுந்து, அவையில் பதில் கிடைக்கும் அளவுக்கு முன்னால், முதல் ஐந்துக்குள் வந்த கேள்வி, துணைக் கேள்வி கேட்க ஆளில்லாமல் போகிறது. எங்கோ ஒரு ஊரில் ஒருவர் அந்தப் பதிலுக்காகக் காத்திருப்பார்.

எனவே உங்கள் எம்.பி. எந்தக் கட்சியானாலும் சும்மா இருக்க விடாதீர்கள். "தறித் தொழிலைக் காப்பாற்றுங்கள்" என்று மனு கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஒரே விஷயத்தை எடுத்து, எந்த அமைச்சகம், எந்தத் திட்டம், எந்த மாதத்திலிருந்து நிலுவை என்று எழுதி, (அ), (ஆ), (இ) என்று கேள்வியாகவே பிரித்துக் கொடுங்கள். அவருடைய உதவியாளருக்கு வேலை மிச்சம், கேள்வி போய்ச் சேரும் வாய்ப்பும் கூடும். நூல் விலை பற்றித்தான் கேட்க நினைக்கிறீர்கள் என்றால் அடுத்த கூட்டத்தொடர் தேதி வந்ததும் அனுப்பிவிடுங்கள். பதில் வர வேண்டிய நாளுக்கு 15 நாள் முன்னதாகவே நோட்டீஸ் போயிருக்க வேண்டும்.